பிரிண்டர் எழுதிய பெயர்

காலை நிகழ்ச்சி செய்கிறவன் இரவு ஒன்பதரைக்கே படுத்துவிடுவான் என்பது எங்கள் உறவில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அன்றைக்குப் பதினொரு மணிக்குக் கைப்பேசி அடித்தபோது, கோலா கெத்திலில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றுதான் நினைத்தேன். அழைத்தது சித்தி மகள். எடுத்ததுமே அழுகை.

“அண்ணே, நான் பிரிண்ட் பண்ணலேண்ணே. ஆனா பிரிண்டர்ல என் பேருதான் இருக்குன்னு சொல்றாங்க.”

பிரிண்டரில் பெயர் இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவள் வேலை பார்த்தது எங்கள் ஊரிலிருந்து காடியில் அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில். அங்கே யாரோ சம்பளப் பட்டியலை 3 பக்கம் அச்செடுத்து, அதைப் படம் பிடித்துப் புலனக் குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரே வேலைக்கு இரண்டு விதச் சம்பளம் என்று ஊருக்கே தெரிந்துபோனது. மறுநாள் காலையில் தொழிற்சாலை கொதித்தது. மதியத்துக்குள் மேலாளர் ஒரு காகிதத்தை இவள் முன்னால் வைத்தார். அதில் இவள் பெயர், தேதி, நேரம் மாலை 6:47. கூடவே, ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று காரணம் கேட்டு ஒரு கடிதம். பதில் கொடுக்க மூன்று நாள் அவகாசம்.

வீட்டுக்காடியின் தவணை அவள் சம்பளத்தில்தான் போகிறது. சித்தப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை என்றாள். “நீங்கதான் மீடியா படிச்சிருக்கீங்களே அண்ணே, இதெல்லாம் தெரியுந்தானே?” என்று கேட்டாள். ஊடகவியல் பட்டத்தில் மைக்கைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரிண்டரின் வாயைப் பிடுங்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் தங்கச்சியிடம் அப்படிச் சொல்ல முடியுமா? “தெரியும், தூங்கு” என்றேன்.

சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினேன்.

சுங்கைப்பட்டாணியில் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கும் என் பள்ளி நண்பன் ஒருவன் இருக்கிறான். கோப்பிக்கடையில் உட்கார்ந்து தே தாரிக் வருவதற்குள் அவள் கொண்டுவந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, ஒரே கேள்வி கேட்டான்: “இதுல எந்தக் கம்ப்யூட்டர்னு இல்லையே, ஏன்?”

வானொலியில் எங்களுக்கும் லாக் உண்டு. எந்த விளம்பரம் எத்தனை மணிக்குப் போனது என்று அதில் இல்லாவிட்டால் விளம்பரதாரர் பணம் கொடுக்கமாட்டார். அதனால் லாக் என்றால் நடந்ததை நடந்தபடி எழுதிய ஏடு என்றே நான் நம்பியிருந்தேன். நண்பன் சிரித்தான். “லாக் தானா பேசாதுடா. நீ எப்படிக் கேக்குறியோ அப்படித்தான் பதில் சொல்லும்.”

அந்தத் தொழிற்சாலையில் அச்சு வேலைகளைப் பங்கிட்டு அனுப்பும் கணினி லினக்ஸில் ஓடுகிறது. யூனிக்ஸ் வழிவந்த குடும்பம். யூனிக்ஸுக்கும் அச்சடிப்புக்கும் பழைய உறவு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அதை உருவாக்கியவர்கள், காப்புரிமைப் பிரிவின் ஆவணங்களைத் தட்டெழுதி ஒழுங்காக அச்செடுத்துத் தருகிறோம் என்று சொல்லித்தான் தங்களுக்கு வேண்டிய பெரிய கணினியைக் கேட்டு வாங்கினார்கள். பிறகு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில் எல்பிடி என்ற நிரல் வந்தது. பல கணினிகளிலிருந்து வரும் அச்சு வேலைகளை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்கு அனுப்புவது அதன் வேலை. நம் மாரியம்மன் கோயில் அன்னதான வரிசையில் தொண்டர் ஒருவர் நிற்பாரே, அவரைப்போல.

அந்தத் தொண்டர் கையில் இரண்டு நோட்டுப் புத்தகம். பிரிண்ட்கேப் என்ற அமைப்புக் கோப்பில் ‘எல்எஃப்’ என்று எழுதினால் பிழைகளைக் குறிக்கும் நோட்டு. ‘ஏஎஃப்’ என்று எழுதினால் யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்ற கணக்கு நோட்டு. எழுதாவிட்டால் கணக்கு நோட்டே கிடையாது. அந்தக் கணக்கைக் கூட்டிச் சொல்ல ‘பேக்’ என்று ஒரு கட்டளை. விலை எதுவும் சொல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 2 அமெரிக்கக் காசு என்று தானே போட்டுக்கொள்ளும்.

அதே கட்டளைக்குக் கூடவே ஒரு சிறு கோடும் ‘எம்’ என்ற எழுத்தும் சேர்த்தால், எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, ஒரு பெயரில் உள்ள எல்லாப் பக்கத்தையும் ஒன்றாகக் கூட்டிவிடும். பணம் வசூலிக்க அது வசதி. ஆனால் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்போது அந்த ஓர் எழுத்து என்னென்ன செய்யும்?

இன்றைக்கு லினக்ஸிலும் ஆப்பிள் கணினிகளிலும் அந்த வேலையைச் செய்வது கப்ஸ். மைக்கேல் சுவீட் என்பவர் 1990களின் இறுதியில் எழுதியது. 2007இல் ஆப்பிள் நிறுவனம் அதன் உரிமையை வாங்கி அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. உங்கள் வீட்டில் ஆப்பிள் மடிக்கணினி இருந்தால் அதற்குள்ளும் கப்ஸ்தான் உட்கார்ந்திருக்கிறது. டெர்மினலைத் திறந்து ‘எல்பிஸ்டாட்’ என்று அடித்து, ஒரு கோடும் பெரிய ‘டபிள்யூ’வும் போட்டு, ‘கம்ப்ளீட்டட்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். முடிந்துபோன அச்சு வேலைகள் வரிசையாக வரும். மகனின் பள்ளி ஃபோலியோவை அலுவலகப் பிரிண்டரில் எடுத்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

ஆனால் அந்தக் கட்டளை காட்டுவது கொஞ்சம்தான்: வேலை எண், பெயர், கோப்பின் அளவு, தேதி, நேரம். கோப்பின் பெயர் கிடையாது, எந்தக் கணினி என்பதும் கிடையாது. அவள் கையில் இருந்த காகிதம் இதுதான் என்றான் நண்பன்.

இன்னொரு நோட்டு இருக்கிறது: பேஜ் லாக். வழக்கமாக வார், லாக், கப்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அடைவுகளில் கிடக்கும். அதில் என்னென்ன எழுதவேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் பேஜ்லாக்ஃபார்மேட் என்ற வரியில் சதவீதக் குறியும் எழுத்துமாகச் சொல்லவேண்டும். சிறிய ‘பி’ என்றால் பிரிண்டர், பெரிய ‘பி’ என்றால் பக்கம். சிறிய ‘யு’ பெயர், ‘ஜே’ வேலை எண், பெரிய ‘டி’ நேரம். அனுப்பிய கணினி எது, கோப்பின் பெயர் என்ன என்பதற்குத் தனிச் சொற்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்த வரியை ஒன்றும் எழுதாமல் விட்டால் பக்கக் கணக்கே பதிவாகாது. அன்றைக்கு ‘ஏஎஃப்’ எழுதாவிட்டால் கணக்கு இல்லை. இன்றைக்கும் அதே கதைதான்.

அந்தத் தொழிற்சாலையில் எழுதியிருந்தார்கள். எந்தப் பிரிவு எவ்வளவு காகிதம் செலவழிக்கிறது என்று பார்க்க, கணினி ஆள் எப்போதோ முழு வரியையும் போட்டு வைத்திருந்தார். காகிதச் செலவுக்காக வைத்த நோட்டு.

“கடிதத்துல ஒண்ணே ஒண்ணு கேளு,” என்றான் நண்பன். “அந்த வேலை எண்ணுக்கு பேஜ் லாக்ல உள்ள முழு வரி. சீக்கிரம் கேளு. மாத்தாம விட்டிருந்தா அந்த நோட்டு ஒரு மெகாபைட் ஆனதும் பழசுன்னு ஒதுக்கிட்டு புதுசு தொடங்கிடும். அடுத்த தடவை நிறைஞ்சா அந்தப் பழசு போயிடும்.” அச்சான கோப்பையேகூட கப்ஸ் ஒருநாள் வைத்திருக்கும், 86,400 விநாடி. அந்த நாள் எப்போதோ கடந்துவிட்டது.

அன்று மாலை கோலா கெத்திலுக்குப் போனோம். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு சேரும் ஊர். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது சுற்றி ரப்பர். இப்போது பாதி செம்பனை. பாட்டி இருந்த லயம் இடிந்துவிட்டது, பால் நிறுத்த கொட்டகையின் தூண்கள் மட்டும் நிற்கின்றன. அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து தங்கச்சியின் கதையைக் கேட்டுவிட்டு, கணினி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “உங்க பாட்டிக்கு நடந்த மாதிரி இருக்கு” என்றார்.

எனக்கு அதுவரை தெரியாத கதை. பாட்டி விடியற்காலை பெரட்டுக்குப் போய் நிற்பார். செக்ரோலில் கிராணி பாட்டி பெயருக்கு நேரே புள்ளி வைப்பார். ஆனால் அந்த நிரையில் மரம் சீவியது பாட்டி மட்டுமல்ல. பள்ளிக்கூடம் போகும் முன் அம்மா மங்கு துடைப்பார். பெரிய மாமா, அப்போது பதினான்கு வயது, பாதி மரங்களைச் சீவுவார். பால் நிறுக்கும்போது வாளி ஐந்து பேர் கை மாறி வரும். ஏட்டில் எழுதுவது ஒரே பெயர். தோட்டத்தில் இருந்த எல்லாக் குடும்பத்துக்கும் இது தெரியும், கிராணிக்கும் தெரியும்.

ஒருநாள் மண்டோர் வந்து மரங்களைப் பார்த்தபோது ஐந்தாறு மரத்தில் பட்டையைத் தாண்டிக் கட்டையில் கத்தி இறங்கியிருந்தது. அந்தக் காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை சரியாக வராது. பல வருடப் பால் போச்சு. ஏட்டைப் புரட்டினார்கள். பாட்டி பெயர். சம்பளத்தில் பிடித்தார்கள். பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தார். “உங்க மாமன்தான் வெட்டினான்னு எல்லாருக்கும் தெரியும். கெழவி சொல்லவே இல்ல” என்றார் அம்மா. கணினியே இல்லாத காலத்தில் என் பாட்டியின் பெயரை ஐந்து பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதை நண்பனிடம் தொலைபேசியில் சொன்னேன். “அதேதான். உன் பாட்டி பேருல மாமா வெட்டினாரு. இங்கே யாரு பேருல வேணும்னாலும் யாரு வேணும்னாலும் வெட்டலாம்” என்றான்.

அச்சடிக்க அனுப்பும் ‘எல்பி’ கட்டளையில் பெரிய ‘யூ’ போட்டு ஒரு பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் வேலை போகும். கடவுச்சொல் கேட்கும்படி நிர்வாகி அமைத்திருக்காவிட்டால், கப்ஸ் சொன்ன பெயரை அப்படியே நம்பி நோட்டில் எழுதிக்கொள்ளும். எல்பிடி எப்படிப் பேசவேண்டும் என்று 1990இல் எழுதிவைத்த விதிமுறையிலும் பெயரைச் சொல்வது அனுப்புகிற கணினிதான். சரிபார்க்க யாரும் இல்லை. இன்னும் ஒன்று: பல பிரிண்டர்களில் 9100 என்ற கதவு திறந்தே இருக்கும். அதன் வழியாக நேரே பிரிண்டருக்கு அனுப்பினால் நடுவில் நிற்கும் தொண்டர் கண்ணிலேயே படாது. அவர் நோட்டில் அந்த வேலை இருக்காது. கல்யாண வீட்டில் பின்வாசல் வழியாகச் சாப்பிட்டுப் போனவர்களின் பெயர் மொய்ப் புத்தகத்தில் இருக்குமா?

அப்படியானால் லாக் எதற்கு என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. 2017இல் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு அதற்குப் பதில் சொல்கிறது. அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமையின் ரகசிய அறிக்கை ஒன்று செய்தி நிறுவனத்துக்குப் போய்விட்டது. பக்கங்களில் மடிப்புத் தடம் இருந்ததால் அது அச்செடுத்துக் கையில் கொண்டுபோனது என்று ஊகித்தார்கள். பதிவேட்டைப் பார்த்தார்கள்: அந்த அறிக்கையை அச்செடுத்தவர்கள் 6 பேர். அந்த ஆறு பேரின் மேசைக் கணினிகளையும் சோதித்ததில், ஒருவர் மட்டும் அந்தச் செய்தி நிறுவனத்தோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தார். ரியாலிட்டி வின்னர் என்ற அந்த இளம்பெண் பிறகு ஒப்புக்கொண்டார். 2018இல் 5 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை. அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு வாதம். நான் நினைப்பது அந்த மற்ற ஐந்து பேரை. அவர்கள் பெயரும் அதே ஏட்டில்தான் இருந்தது. பெயர் இருந்ததோடு விசாரணை நின்றிருந்தால்? அங்கே லாக் விசாரணையைத் தொடங்கிவைத்தது. தங்கச்சியின் மேலாளரோ அதை வைத்தே முடிக்கப் பார்த்தார்.

நம் நாட்டிலும் பெயரைப் பார்த்ததும் முடிவு கட்டுவது புதிதல்ல. 2012இல் ஆதாரச் சட்டத்தில் 114ஏ பிரிவைச் சேர்த்தபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இணையத்தில் வெளியானதில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே வெளியிட்டார் என்று வைத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் வைத்த பிரிவு. அது அலுவலகப் பிரிண்டருக்கான சட்டமல்ல. ஆனால் அந்த மேலாளரின் மேசையில் நடந்தது அதே சிந்தனை.

வேலை பார்க்கும் இளையோருக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒழுங்கீனம் என்று சொல்லி வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் முறையான விசாரணை நடத்தவேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் அது இரண்டு வாரத்தைத் தாண்டக்கூடாது, அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும். நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்றால் 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையிடம் முறையிடவேண்டும். அறுபத்தோராவது நாள் போனால் வருத்தப்படத்தான் முடியும்.

அவள் பதில் கடிதம் எழுதினாள். நான் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன், வானொலிக்காரன் அல்லவா? அவள் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஐந்து வரியில் மலாயில் எழுதிக் கொடுத்தாள். முழு வரி வேண்டும், தன் வருகைப் பதிவும் வேண்டும்.

விசாரணை நாளில் கணினி ஆள் முழு வரியைக் கொண்டுவந்தார். நல்ல மனிதர், கேட்டதைக் கொண்டுவந்தார், கேட்காததைச் சொல்லவில்லை. வரியில் பிரிண்டர், இவள் பெயர், வேலை எண், மாலை 6:47, மொத்தம் 3 பக்கம், பிறகு அந்தக் கணினியின் எண். அது இவள் மேசைக் கணினி அல்ல. பின்னால் சரக்கு இறங்கும் இடத்தில் இருக்கும் பொதுக் கணினி. மூன்று மாதத்துக்கு முன் சரக்குக் கணக்கெடுப்பு நடந்தபோது இவள் அதில் தன் பெயரில் நுழைந்திருக்கிறாள், வெளியேறவில்லை. அன்றிலிருந்து அந்தப் பக்கம் வருகிற எல்லாருமே இவள் பெயரில்தான் அச்செடுத்துக்கொண்டிருந்தார்கள். டெலிவரி ஆர்டர், விடுப்புப் பாரம், யாரோ ஒருவர் பிள்ளையின் பிறந்தநாள் அழைப்பிதழ் உட்பட. வருகைப் பதிவில் அன்று இவள் வெளியே போன நேரம் 5:36.

மேலாளர் விடவில்லை. “போனபிறகு திரும்பி வந்திருக்கலாம். பெயர் உன்னுடையது” என்றார்.

அப்போது இவள் கணினி ஆளைப் பார்த்து, “சார் பெயரில் ஒரு பக்கம் அனுப்ப முடியுமா?” என்று கேட்டிருக்கிறாள். அவர் தயங்கினார். மேலாளரே “முடியாது” என்று சொல்லும்படி சைகை காட்டினாராம். கணினி ஆள் மடிக்கணினியை இழுத்து, ‘எல்பி’ என்று தொடங்கி, பெரிய ‘யூ’வும் மேலாளர் பெயரும் சேர்த்து ஒரு வரி அடித்தார். மூலையில் இருந்த பிரிண்டர் உறுமி ஒரு சோதனைத் தாளைத் துப்பியது. பேஜ் லாக்கைத் திறந்து கடைசி வரியைக் காட்டினார். மேலாளர் பெயர், மாலை 3:20, 1 பக்கம்.

அறையில் யாரும் பேசவில்லை என்றாள். நான் இருந்திருந்தால் நிச்சயம் ஏதாவது பேசிக் கெடுத்திருப்பேன்.

வேலை போகவில்லை. கணக்கிலிருந்து வெளியேறாமல் விட்டதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அது நியாயம்தான் என்று அவளே ஒப்புக்கொண்டாள். மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் எல்லாப் பிரிண்டருக்கும் கடவுச்சொல் வந்தது. சம்பள வேறுபாடு பற்றி, அதாவது அந்தத் தாளில் இருந்த விஷயம் பற்றி, இன்றுவரை எந்தப் பதிலும் வரவில்லை. ஏழு மாதம் கழித்து அவள் வேறிடத்துக்குப் போய்விட்டாள்.

போன மாதம் புது அலுவலகத்திலிருந்து ஒரு புலனச் செய்தி: “அண்ணே, இங்க பேஜ் லாக் காலியா இருக்கு.” நண்பனின் எண்ணை அனுப்பினேன். இப்போது அங்கே முழு வரியும் பதிவாகிறதாம், கணினி எண் உட்பட. கோப்பின் பெயரை மட்டும் வேண்டாம் என்று அவளே சொல்லி நிறுத்திவிட்டாளாம். ராஜினாமாக் கடிதத்தையோ மருத்துவமனைத் தாளையோ யார் அச்செடுக்கிறார்கள் என்று ஆஃபீஸ் பார்க்கவேண்டியதில்லை என்பது அவள் கருத்து.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன். “அன்னைக்கு ஆறே முக்காலுக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தது யாருன்னு உனக்குத் தெரியுந்தானே?”

அச்சைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். “லாக்ல இல்லாதது எனக்கு எப்படிண்ணே தெரியும்?”

அம்மா அடுப்பிலிருந்து திரும்பி அவளையே பார்த்தார். பிறகு எண்ணெயைப் பார்த்துக்கொண்டார்.